வாய்க்கு வராத சொல் – 7: தாவீது ராஜாவின் இரண்டு தூக்கங்கள்

போன வாரம் பவணந்தி முனிவரை விஜயமங்கலத்துச் சமணக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவருடைய சொந்த ஊர் என்பது கொங்கில் வழிவழியாக வரும் நம்பிக்கை. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்லும் நம் பழக்கத்துக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில், நன்னூலில் அவர் இடம் ஒதுக்கினார். இடக்கரடக்கல் என்று பெயர். ‘கால் கழுவி வருகிறேன்’ என்று பள்ளிக்கூடத்தில் உதாரணம் படித்திருப்பீர்கள்.

ஆணும் பெண்ணும் கூடுவதை மூட எத்தனை துணி நெய்திருக்கிறோம் என்பதுதான் இந்தத் தொடர். இந்த வாரம் அவற்றில் மிகப் பழைய துணி ஒன்று.

தூக்கம்.

●

திருப்பூர்ப் பக்கத்து அருள்புரத்தில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு லைன் வீடு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்க்கிற இருவர் கிளம்பிப் போனதும், அவர்கள் பகலெல்லாம் படுத்திருந்த பாயில் பகல் ஷிப்ட்காரர்கள் வந்து விழுவார்கள். பாய் சூடு ஆறுவதில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த கையோடு செல்போனில் ஓர் இங்கிலீஷ் படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே தமிழ் எழுத்து. கணவன் மனைவியைக் கேட்கிறான்: ‘நீ அவனோடு தூங்கினாயா?’ அவள் தலையைக் குனிகிறாள். அவன் மேஜை டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுக்கிறான்.

“ஏண்ணே, தூங்கினதுக்கா சுடப் போறான்?” என்றான் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி. அவன் ஓவர்லாக் டைலர். கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டான்.

“டேய், அது தூங்கறது இல்லடா. படுக்கறது” என்று இன்னொருவன் விளக்கினான்.

மூலையிலிருந்த பீகார்க்காரன், “ஹிந்தியிலயும் அப்படித்தான் பய்யா. சோனா” என்று சிரித்தான்.

சிரிப்பு கொஞ்சம் உரக்கப் போய்விட்டது. வாசல் பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “ஏந் தம்பி, பொம்பளப் புள்ளைக குடியிருக்கற எடம். என்ன பேச்சு பேசறீங்க?”

அவர் காதில் விழுந்தது ‘படுக்கறது’ மட்டும்தான். ‘தூங்கினாயா’ என்பதை அந்த நடிகர் தமிழிலேயே பத்து முறை கத்தியிருந்தாலும் அந்த அம்மா குடத்தை நகர்த்தியிருக்க மாட்டார்.

அந்த இரவு எனக்குக் கிடைத்த நூல்முனை இதுதான். ஒரே உருவகம், ஒரே பாய். இங்கிலீஷில் ‘ஸ்லீப்’ மரியாதையான மூடுதுணி. அதையே ‘லே’ என்று சொன்னால் கொச்சை. தமிழில் தூங்கு என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. படு என்றால் எல்லாருக்கும் எல்லாமும் புரிந்துவிடும். எப்போது எங்கே இந்த வழிகள் பிரிந்தன?

●

இங்கிலாந்தில், வெஸெக்ஸ் அரசன் ஆல்ஃப்ரெட். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி.

டேனியர்களோடு அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, தன் நாட்டுக்கு ஒரு சட்டத் தொகுப்பு எழுத உட்கார்ந்தார் ஆல்ஃப்ரெட். முகவுரையாக அவர் எடுத்து வைத்தது பைபிள். யாத்திராகமத்தின் சட்டப் பகுதியை, லத்தீனிலிருந்து தன் மக்களின் மொழிக்குக் கொண்டுவந்தார். நிச்சயம் ஆகாத பெண்ணை ஒருவன் ஏமாற்றினால் என்ன தண்டம் என்ற இடம் வந்தது. அங்கே அவர் போட்ட வினைச்சொல்தான் ‘அவளோடு தூங்கினால்’.

சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த நாசூக்கு என்று நாம் நினைக்கும் சொல், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் தண்டம் கட்டவேண்டிய குற்றத்துக்குப் பெயராக.

ஆல்ஃப்ரெட் அதைச் சொந்தமாக யோசிக்கவில்லை. அவர் முன்னால் இருந்த லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் ‘டோர்மீரே’, தூங்கு என்ற வினைதான் இருந்தது. லத்தீனுக்கு முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் தூங்குகிற சொல்தான், ‘கொய்மாவோ’. அதற்கும் முந்தி, எல்லாவற்றுக்கும் ஊற்றான எபிரேயத்தில் ‘ஷகவ்’.

ஷகவ் என்றால் படு. கிட. சாய்.

அருள்புரத்து வீட்டுக்கார அம்மா முகம் சுளித்த அதே சொல்.

●

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

எபிரேய பைபிளில் தாவீது ராஜாவின் கதையில் இரண்டு இடங்கள். ஒன்று, இரண்டாம் சாமுவேல் புத்தகம், பதினோராம் அதிகாரம். மாலை நேரம், அரண்மனை மொட்டை மாடி. கீழே குளித்துக்கொண்டிருக்கிற பத்சேபாளை ராஜா பார்க்கிறார். அவள் புருஷன் உரியா போர்க்களத்தில் இருக்கிறான். ஆள் அனுப்புகிறார். அவள் வருகிறாள். ராஜா அவளோடு ஷகவ்.

இன்னொன்று, முதலாம் ராஜாக்கள், இரண்டாம் அதிகாரம். நாற்பது வருஷம் ஆண்டு முடித்த கிழவர், மகன் சாலொமோனுக்குப் புத்தி சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். தாவீது தன் முன்னோர்களோடு ஷகவ்.

வினை ஒன்றுதான். ‘ஓடு’ என்ற உருபும் அதேதான். பாவத்துக்கும் சாவுக்கும் ஒரே பாய் விரித்தது எபிரேயம்.

கிரேக்கர்கள் அப்படியே விட்டார்கள். இரண்டு இடத்திலும் கொய்மாவோதான். லத்தீனும் அப்படியே, இரண்டு இடத்திலும் டோர்மீரே. (கிரேக்கத்தின் அந்தத் தூங்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான் இங்கிலீஷில் கல்லறைத் தோட்டத்துக்கு வழங்கும் ‘செமெட்ரி’. தூங்கும் இடம் என்று பொருள்.)

1611-இல் ஜேம்ஸ் ராஜாவின் பைபிள் வந்தது. அதில் இந்தப் பாய் இரண்டாகக் கிழிந்திருந்தது. பத்சேபாளோடு தாவீது ‘படுத்தார்’. முன்னோர்களோடு ‘தூங்கினார்’. கெட்டதுக்குப் படு, நல்ல சாவுக்குத் தூங்கு. கணக்குச் சரியாக இருந்தது.

ஆனால் ஆல்ஃப்ரெட் காலத்துப் பழைய தூக்கம் தெருவில் உயிரோடுதான் இருந்தது. போகப் போக அதுவே படுக்கையறைச் சொல்லாகக் கெட்டிப்பட்டது. கடைசியில், ராஜா தன் அப்பன் பாட்டன்மாரோடு ‘தூங்கினார்’ என்று கோயிலில் வாசித்தால் பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்ளும் நிலைமை. 1978-இல் முழுமையாக வெளிவந்த ‘நியூ இன்டர்நேஷனல்’ மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பாருங்கள். பத்சேபாளோடு ராஜா இப்போது ‘தூங்குகிறார்’. முன்னோர்களோடு ‘ஓய்வெடுக்கிறார்’.

முந்நூற்று அறுபத்தேழு வருஷத்தில் நல்ல சாவுக்கு வைத்திருந்த சொல்லைப் பாவம் எடுத்துக்கொண்டது. அழுக்கை மறைக்கப் போர்த்திய துணி அழுக்காவதும், அதை மறைக்க இன்னொன்று எடுப்பதும் எல்லா மொழியிலும் நடக்கிறது. உள்ளாடை நெய்தே ஊராகிவிட்ட நம் திருப்பூரிலேயே பாருங்கள். ‘ஜட்டி’ என்பது மெல்ல ‘இன்னர்’ ஆகிவிட்டது. சரக்கு அதேதான்.

●

சரி, தமிழ்.

நம்மிடம் தூக்கத்துக்கு ஒரு ராஜ சொல் இருந்தது. பள்ளி.

இன்று அதைக் கேட்டால் மணி அடிக்கும், சீருடை ஞாபகம் வரும். ஆனால் பள்ளி என்றால் முதலில் படுக்கை, படுக்கும் இடம். மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் குன்றில், கிறிஸ்துவுக்கு முந்திய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லி, கணி நந்தன் என்ற துறவிக்குக் கொடுத்த பள்ளியைப் பேசுகிறது. கொங்கின் விளிம்பில், கரூர்ப் பக்கத்துப் புகலூர் ஆறுநாட்டார் மலைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். செங்காயபன் என்ற சமணத் துறவிக்குச் சேரர் குடும்பத்தார் வெட்டிக் கொடுத்த கல் படுக்கை, வழுவழுவென்று.

துறவிகள் படுத்த இடத்தில் பிள்ளைகள் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். பள்ளி, பள்ளிக்கூடம் ஆயிற்று. பெண்வாடையே ஆகாத துறவியின் படுக்கையிலிருந்துதான் நம் ‘ஸ்கூல்’ வந்தது.

அதே சொல் இன்னொரு வாசல் வழியாகக் கோயிலுக்குள் போனது. மதுரையில் அர்த்தஜாமம் முடிந்ததும் சுந்தரேசுவரரின் பாதுகை பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்கு வரும். பால் நைவேத்தியம், பாட்டு, தீபம். பிறகு கதவு சாத்தப்படும். சிவன் கோயில்களில் இரவின் கடைசிப் பூஜையே அதுதான். குழந்தை வரம் கேட்கிற தம்பதிகள் அந்தப் பாலுக்காகக் கை நீட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். என்ன நடக்கிறது என்று நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் கூசுவதில்லை. பள்ளி என்ற சொல்லும் அந்தக் கதவும் பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது வாசல் சாவு. சோழ ராஜாக்களைப் புதைத்த இடத்தில் எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். ராஜராஜனின் தேவி பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது.

ஆக, எபிரேயத்தின் ஷகவ் செய்த இரட்டை வேலையை, கலவியையும் சாவையும் ஒரே படுக்கையில் கிடத்துவதை, தமிழின் பள்ளியும் செய்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. படுப்பவர் கடவுளாகவோ துறவியாகவோ ராஜாவாகவோ இருக்க வேண்டும்.

மற்ற ஜனம் என்ன செய்யும்? அவர்கள் படுத்தார்கள். படுத்துப் படுத்தே அந்தச் சொல் தேய்ந்து கறைபட்டது. சாமிக்குப் பள்ளியறை, குடியானவனுக்குப் படுக்கை. என்னைக் கேட்டால், இடக்கரடக்கலில் அடக்கப்பட்டது சொல் மட்டும் என்று நான் நம்பவில்லை. யார் அதைச் செய்கிறார் என்பதையும் பார்த்துத்தான் துணி போர்த்தினோம்.

●

இனி, தாவீது தமிழுக்கு வந்த கதை. 1706 ஜூலை. தரங்கம்பாடிக் கரையில் சீகன்பால்கு பாதிரியார் இறங்குகிறார். வயது இருபத்துமூன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்து ‘அ’ எழுதப் பழகிய ஜெர்மன்காரர்.

1714–15-இல் அவருடைய புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. அதற்குள் பழைய ஏற்பாட்டையும் தொட்டுவிட்டார். ஆதியாகமம் முதல் ஒவ்வொரு புத்தகமாக வந்து, ரூத் புத்தகத்தை முடித்தார். 1719-இல் இறந்துபோனார்.

ரூத்துக்கு அடுத்த புத்தகம் சாமுவேல். தாவீதின் கதையைச் சொல்லும் புத்தகத்தின் வாசலில் பேனா நின்றுவிட்டது.

மிச்சத்தைச் சூல்ட்ஸே என்பவர் முடித்தார். அதற்குப் பிறகு சென்னை வேப்பேரியில் பப்ரீசியஸ். 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தூக்கிவந்த அச்சு எந்திரம் அவர் கைக்கு வந்தது. அதில் 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு. 1791-இல் அவர் இறந்து, 1796-இல்தான் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சில் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார், சைவரான ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு பைபிள் செய்தார். 1850-இல் வந்த அதைத் தமிழ்நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. கடைசியில் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு பப்ரீசியஸைத் திருத்தி 1871-இல் கொண்டுவந்த பைபிள்தான் இன்றுவரை நம் ஊர்ச் சபைகளில் வாசிக்கப்படுகிறது.

இத்தனை மேஜைகள், இத்தனை முன்ஷிகள், நூற்றைம்பது வருஷம். சூல்ட்ஸே முதல் ஒவ்வொருவர் மேஜையிலும் அந்த மொட்டை மாடி வந்திருக்கும். ராஜா ஆள் அனுப்பியிருப்பார். அவள் வந்திருப்பாள். பேனா மையைத் தொட்டு நின்றிருக்கும். என்ன சொல் போடுவது?

படுத்தான் என்று போடலாம். எபிரேயத்துக்கு அதைவிட நேரான சொல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் சபையில் அதை எப்படி வாசிப்பது?

தூங்கினான் என்றால் உசிலம்பட்டித் தம்பியின் கேள்விதான் வரும்.

புணர்ந்தான்? நல்ல பழந்தமிழ். ஆனால் இலக்கணக்காரர்கள் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தோடு சேர்வதற்கு அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். (ஒன்பதாம் வகுப்புத் தமிழ் அம்மா கரும்பலகையில் ‘புணர்ச்சி விதிகள்’ என்று எழுதித் திரும்பும் நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் சாதாரணமாகப் புழங்காத சொல்லும் வகுப்பில் சிரிப்பை வரவழைத்துவிடுகிறது.)

பள்ளிகொண்டான்? ஐயோ. அது ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு உரியது. பிறன் மனைவியை வரவழைத்தவனுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

1871 பைபிளில் நிற்கிற சொல்: சயனித்தான்.

வடமொழிச் சொல். படு என்பதுதான் பொருள், ஆனால் படு என்ற ஓசை இல்லை. வாசிக்கிறவர் குரல் தடுமாறாது. கேட்கிறவருக்குக் கொஞ்சம் தாமதித்துப் புரியும். அந்தத் தாமதத்தில்தான் மானம் காப்பாற்றப்படுகிறது. யோசேப்பை வளைத்துப் பிடிக்கிற போத்திபாரின் மனைவி வாயிலும் இதே வினைதான்.

அப்புறம், கிழவர் தாவீது முன்னோர்களோடு சேர்கிற இடம். அங்கே சயனித்தான் போட முடியாது. நித்திரையடைந்தான். இன்றும் நம் ஊர்க் கல்லறைகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று வெட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

எபிரேயமும் கிரேக்கமும் லத்தீனும் பிரிக்காத பாயை, இங்கிலீஷைப் போலவே தமிழும் பிரித்தது. ஆனால் இங்கிலீஷ் போட்ட தடுப்புச் சுவர் இடிந்து, தூக்கம் இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. தமிழ்ச் சுவர் இன்னும் அசையவில்லை. நித்திரை சுத்தமாக இருக்கிறது. சயனமும் கெடவில்லை, அனந்தசயனம் என்று சொல்லி யாரும் சிரிப்பதில்லை.

கெட்டிக்கார வேலைதான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு சொல் தெருவில் அழுக்காகாமல் இருக்க ஒரே வழி, அது தெருவுக்கே வராமல் இருப்பது. சயனி என்று எந்த வீட்டில், எந்தப் புருஷன், எந்தப் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்? அது வேதபுத்தக அட்டைகளுக்கு நடுவே மட்டும் மூச்சு விடுகிற சொல்.

●

தெருவோ தன் போக்கில் வேறு துணிகளை நெய்துகொண்டது. இங்கே அருள்புரத்தில் செக்கிங் டேபிளில் புதுப் பெண் இரண்டு நாள் சுருண்டு உட்கார்ந்தால், பக்கத்து அக்கா கேட்பார்: “என்ன அம்மிணி, ஏதாச்சும் விசேஷமா?” ஆம் என்றால் மாலைக்குள் ‘முழுகாம இருக்கறா’ என்று லைன் முழுக்கத் தெரிந்துவிடும். மாதம் தவறி, தலைக்குக் குளிக்காமல் இருக்கிறாள் என்று பொருள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, “ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்களா?” என்பார். படுக்கையும் இல்லை, தூக்கமும் இல்லை. வெறும் ‘இரு’. இதைவிடப் பாதுகாப்பான வினை தமிழில் இருக்க முடியாது. சில புதுப் பெண்கள், “ஆமாங் டாக்டர், ஒரே வீட்லதான் இருக்கறோம்” என்று பதில் சொல்லிவிட்டு வருவதும் உண்டு.

ஆஸ்பத்திரியில் இப்படிச் சமாளிக்கலாம். டாக்டர் இன்னொரு முறை கேட்பார், சிரித்துக்கொண்டே புரியவைப்பார். கேள்வியை இரண்டாம் முறை மென்மையாகக் கேட்காத இடம் ஒன்று, பவர் ஐயரின் பைபிள் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே இந்த மண்ணில் திறந்துவிட்டது.

1862 ஜனவரி 1. இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வருகிறது. அதன் 375-ஆம் பிரிவு, ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை இங்கிலீஷில் இலக்கணம் பிசகாமல் வரையறுக்கிறது. என்ன நடந்தால் குற்றம், எதுவரை நடந்தால் குற்றம் முழுமையாகும் என்று விளக்கமும் உண்டு. அதில் தூக்கமும் இல்லை, சயனமும் இல்லை. மூடுதுணியே கிடையாது.

கோயமுத்தூர் கோர்ட். நாற்காலியில் வெள்ளைக்கார ஜட்ஜ். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கூண்டில், பல்லடம் தாலுகா கிராமம் ஒன்றிலிருந்து மாட்டுவண்டியில் வந்த பெண் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் ஆண்கள். அவளுக்குத் தெரிந்த சொற்களில் ஒன்று வாயில் வராது, இன்னொன்று வந்தாலும் சட்டத்துக்குப் போதாது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள்: “என்னைக் கெடுத்துப்போட்டானுங்க.”

ஜட்ஜ் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கிறார். கெடுத்தான் என்ற அந்த ஒரு சொல்லை அவர் இங்கிலீஷில் எப்படிச் சொல்லப் போகிறார்?

(தொடரும்)